கிழக்குப் பக்கத்து அறை

“இதைவிட உயரத்துல அறை இல்லையாம்மா?”

ஓட்டல் லிப்டின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி, கண்களைத் திறக்காமலேதான் அவர் இதைக் கேட்டார்.

வரவேற்பாளர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “முப்பத்தெட்டுதான் சார் கடைசி. அதுக்கு மேல வானம்தான்.”

முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மலைப்பாதையில் ஓட்டச் சொன்னால் மட்டும் லீவு போட்டுவிடுவார். வீட்டில் பல்பு மாற்ற ஏணியில் ஏறுவதுகூட அவர் மனைவிதான்.

முதல் அறையின் கதவு திறந்ததும் கணவனும் மனைவியும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கம்பளத்தில் கால் புதைந்தது. அவர் சட்டென்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பரவாயில்ல சார், போட்டுக்கிட்டே வாங்க.”

“மனசு வரலையேம்மா.”

தையல் வேலை செய்யும் மனைவி நேரே திரைச்சீலையிடம் போனாள். ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னங்க, தையலே கண்ணுக்குத் தெரியல! எப்படித்தான் மடிச்சு அடிச்சாங்களோ!”

பிறகு குளியலறையை எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுக் கூடத்தைவிட அது பெரிது.

“குளிக்கிற இடத்துல எதுக்குங்க போன்?”

“வழுக்கி விழுந்தா கூப்பிடறதுக்கா இருக்கும்.”

ஜன்னலுக்கு வெளியே நதி வெள்ளிக் கம்பியாய் வளைந்து கிடந்தது. மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். “இது எந்தப் பக்கம்?”

“மேற்கு மேடம்.”

“ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எங்களுக்குக் கிழக்குப் பக்கம்தான் வேணும்.”

“மேடம், எங்க ஓட்டல்லயே இதுதான் பெரிய சூட் ரூம். இது கிடைக்க மாசக்கணக்கா காத்திருக்கறவங்க இருக்காங்க.”

“இருக்கட்டும்மா. கிழக்கைக் காட்டு.”

கிழக்குப் பக்கத்து அறை சற்றுச் சிறியது. ஆனால் ஒரு சுவர் முழுக்கவும் கண்ணாடி, தரையிலிருந்து கூரை வரை. அவர் எதிர்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு பல்லிபோல் நகர்ந்தார். மனைவி கண்ணாடி அருகே போய் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, பஸ்ஸெல்லாம் எள்ளு மாதிரி ஊருது!”

“அதை ஏன்டி எங்கிட்ட சொல்ற?”

வரவேற்பாளர் பெண் தயங்கினாள். “உண்மையைச் சொல்லிடறேன் சார். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இந்தப் பக்கம் பராமரிப்பு வேலை ஆரம்பிக்கும். உங்களுக்கு இடைஞ்சலா இருக்கும். சாருக்கு உயரமும் ஆகாது போலிருக்கு. பன்னிரண்டாவது மாடில தோட்டத்தைப் பார்த்த மாதிரி அருமையான அறை ஒண்ணு இருக்கு.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி அவர் சொன்னார். “இதையே எழுதிக்கோம்மா.”

அந்தப் பெண் போனதும் மனைவி அருகில் வந்தாள். “உங்களால முடியுமா? மயக்கம் கியக்கம் வந்துடப் போகுது.”

“வந்தா வரட்டும். எப்படியாவது கண்ணாடி வரைக்கும் போயிடறேன்.”

மாலை முழுவதும் அவர் நடை பழகும் குழந்தையானார். முதலில் கட்டில் வரை. பிறகு நாற்காலி வரை. நாற்காலியிலிருந்து இன்னும் நாலு அடி. நடுவில் ஒரு முறை தலை சுற்றி, அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார். வெளியே ஒவ்வொன்றாக விளக்குகள் எரியத் தொடங்கி, வானம் கவிழ்ந்து கீழே கொட்டியதுபோல் நகரம் மினுங்கியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் அதை வாய் பிளந்து பார்த்தார்.

“இவ்வளவு உயரமாடி?”

“ஆமாங்க.”

“தினமுமா?”

மனைவி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பத்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து தயாராகிவிட்டார். கட்டிலைத் தாண்டினார். நாற்காலியைத் தாண்டினார். மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு திரையின் முன் வந்து நின்றார். மனைவி பொத்தானை அழுத்த, திரை விலகியது; அவர் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தார்.

முதலில் மேலிருந்து இரண்டு கயிறுகள் இறங்கின. பிறகு ஒரு ஜோடி பூட்ஸ். பிறகு இடுப்பில் வாளி தொங்க, தலைக்கவசம் அணிந்த ஓர் உருவம், முப்பத்தெட்டு மாடி வெறுங்காற்றின் மேல் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பதுபோல் வந்து நின்றது. காற்றில் கயிறு அசைந்தது. அந்தக் கைகள் அசரவில்லை. ஒரே வீச்சில் கண்ணாடி முழுக்க நுரை பரவியது.

“அம்மாடி!” என்றார் அவர். பயம் போன இடம் தெரியவில்லை. “என்னமா நிக்குது பாருடி! இதுக்கு எம்மாம் தைரியம் வேணும்!”

“வியாழக்கிழமை கிழக்குப் பக்கம்னு அவ போன்ல சொன்னது சரியாத்தான் இருக்கு,” என்றாள் மனைவி, குரல் உடைந்து.

கண்ணாடி துடைக்கும் ரப்பர் பட்டை மேலிருந்து கீழே வழித்துக்கொண்டு வந்தது. நுரை விலகிய இடத்தில் உள்ளே தெரிந்த அவர் முகத்தைக் கண்டு, வெளியே இருந்த கை பாதியில் நின்றது. ‘கயித்துல தொங்குற வேலைக்குப் போனா இனி என் முகத்துலயே முழிக்காதே’ என்று இரண்டு வருடங்களுக்கு முன் தான் விரட்டிய மகளின் முகத்தில், அன்று அவர் முழித்துக்கொண்டு நின்றார்.