அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்

"ஷவ்கி பிடிச்சுட்டு வர்ற மீனோட ருசியே தனி. அல்லா அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும்!"

மீன்காரர் தர்வீஷ் வாய் தவறிச் சொல்லிவிட்டார். ரபாப் கையில் இருந்த தேநீர் டம்ளர் அவர் காலடியில் விழுந்து நொறுங்கியது. விழவில்லை, வீசினாள். பக்கத்து வீட்டுக்காரி நான், வாசலிலேயே நின்று பார்த்தேன்.

"உயிரோட இருக்கிற என் புருஷனுக்கு ரஹ்மத் கேக்க நீங்க யாரு? இன்னொரு தடவை சொன்னீங்க, கூடையோட கடல்ல தள்ளிடுவேன்!"

தர்வீஷ் மீனைக்கூட எடை போடாமல் நடையைக் கட்டினார்.

ரஹ்மத் என்றால் இறைவனின் கருணை. நல்ல சொல்தான். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் பெயரோடு அதைச் சேர்த்துச் சொன்னால், அவனை மண்ணுக்குள் வைத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

ஷவ்கி படகோடு காணாமல் போய் எட்டு மாதம். கூடப் போன ஐந்து பேரின் வீட்டிலும் அழுது முடித்துவிட்டார்கள். ரபாப் மட்டும் கறுப்பு உடுத்தவில்லை. கண்ணுக்கு மை வேறு.

"என்னம்மா சத்தம்?" உள்ளே கட்டிலில் கிடந்த மாமியார் கேட்டாள். ஷவ்கியின் அம்மா என்பதால் ஊருக்கு அவள் 'உம் ஷவ்கி'. இதய நோயாளி. அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"டம்ளர் கை நழுவிடுச்சு மாமி. உங்க மகன் வந்ததும் புதுசு வாங்கித் தரச் சொல்லுங்க."

"வரட்டும், சொல்றேன்."

வியாழக்கிழமைதோறும் ரபாப் ரொட்டி சுடுவாள். இறந்தவர் பேரைச் சொல்லி கபரஸ்தானில் ரொட்டி கொடுப்பது எங்கள் வழக்கம். வாங்குகிறவர் ஃபாத்திஹா ஓதி, அந்தப் பேருக்கு ரஹ்மத் கேட்க வேண்டும்.

"யாருக்கு ரொட்டி?" என்று கேட்டால், "எங்க அப்பாவுக்கு" என்பாள். அவள் அப்பாவின் கபர் எங்கள் தெருமுனைக் கபரஸ்தானிலேயே இருக்கிறது. அவளோ கூடையோடு பக்கத்து ஊரான ரஷீதுக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவாள்.

"ரொட்டி அப்பனுக்கு, சரி. மை யாருக்காம்?" என்றாள் எதிர்வீட்டு கரீமா.

நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல் நாலு வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தேன்.

போன வியாழக்கிழமை, என் நாத்தனாரின் கணவருக்கு நாற்பதாம் நாள். ரஷீத் கபரஸ்தானுக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். முகத்தை மூடிய கறுப்பு உடைக்காரி ஒருத்தி, தலை நிமிராமல் என் கையில் ரொட்டி ஒன்றை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"யார் பேருக்கும்மா?"

"ஷவ்கிக்கு."

அந்தக் குரல்! அவள் கையைப் பிடித்து இழுத்தேன். முகத்திரை விலகியது. ரபாப். கண்ணில் மை இல்லை, அழுது அழுது வீங்கியிருந்தது.

"அடிப்பாவி! இது என்னடி?"

"இந்த ஊர்க் கரையிலதான்கா ஒதுங்கினார். அந்த வேப்பமரத்தடியிலதான் அடக்கம். சட்டையையும் மோதிரத்தையும் நான்தான் அடையாளம் காட்டினேன். ஆறு மாசமாச்சு." என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "மாமி காதுக்குப் போச்சுன்னா அவங்க உயிர் நிக்காது. சொல்லிடாதீங்க அக்கா. நீங்க முன்னால போங்க. நான் உடுப்பை மாத்தி, மை போட்டுட்டு அடுத்த பஸ்ல வர்றேன்."

நாலு வீட்டில் போய்ச் சொன்ன என் வாயைத் தைத்துவிட வேண்டும் போலிருந்தது.

ஊர் வந்ததும் நேராக உம் ஷவ்கி வீட்டுக்குத்தான் போனேன். மருமகள் வரும்வரை துணைக்கு இருக்கலாமே என்று.

"கையில என்ன?"

ரொட்டியை ஒளிக்க மறந்திருந்தேன்.

"நாத்தனார் வீட்டு நாற்பது... அங்க கொடுத்தாங்க..."

கையை நீட்டி வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள். "கறுஞ்சீரகத்தோட எள்ளு. இது எங்க வீட்டு ரொட்டி."

நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

"அவ அப்பன் தெருமுனையில தூங்குறான். இவ ரொட்டியோட பஸ் ஏறினா. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." அவள் குரல் அசையவே இல்லை. "கபர் நிழல்ல இருக்கா?"

"ம்... ஒரு வேப்பமரம் இருக்கு."

அவள் ரொட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளையும் ஏந்தினாள். ஃபாத்திஹா ஓதி முடித்தாள். அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாத அந்த வார்த்தையை, மகன் பேரோடு சேர்த்து, வாய்விட்டுச் சொன்னாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ரொட்டியைச் சட்டென்று தலையணைக்கு அடியில் தள்ளினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதோடு சொன்னாள்:

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே. பாவம், சின்னப் பொண்ணு, தாங்கமாட்டா."