ஆவுளியாவை விட்ட படம்

அவன் தோளில் பொன்னாடையைப் போர்த்தியதும் விளக்கை அணைத்தார்கள்.

சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் அவன் செல்போனில் எடுத்த படம் ஓடியது.

கடல். வள்ளத்தின் விளிம்பு. வலைக்குள் சாம்பல் நிற முதுகு.

“ஆவுளியாடா!” பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்.

கடலடிப் புல்லை மேயும் கடற்பசு. இந்தக் கடலில் இப்போது அதிகம் இல்லை என்று வனத்துறை அம்மா சற்றுமுன் பேசியிருந்தார்.

படத்தில் ஒரு கத்தி வலையைத் தொட்டது. பிடித்திருந்த கை சந்தியாகுவுடையது. சந்தியாகு, அவன் மனைவியின் தம்பி.

சந்தியாகு பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். படத்தைப் பார்க்கவில்லை.

கத்திக்குச் சற்று முந்தைய பகுதி படத்தில் இல்லை. அதை அவன் நீக்கியிருந்தான்.

முன்பு ஒருமுறையும் ஓர் ஆவுளியாவை விட்டிருக்கிறான். படம் எடுக்கவில்லை. கரைக்கு வந்து வாயால் சொன்னான். யாரும் நம்பவில்லை.

“வலையில வந்தது ஆவுளியாவா, ஒம் மாமியாளா?”

மீன் ஏலம் போடும் இடமே சிரித்தது.

இந்த முறை செல்போனை உறையிலிருந்து எடுத்தான். கண்ணாடியில் உப்பு. கட்டியிருந்த சாரத்தில் துடைத்தான். வெயில் எதிரே அடித்தது. வள்ளத்தைத் திருப்பச் சொன்னான்.

ஆவுளியா ஒருமுறை நீருக்கு மேலே மூக்கை நீட்டி மூச்செடுத்தது. வலை கீழே இழுத்தது.

“அறுக்கவா மச்சான்?”

“பொறுடா. மூஞ்சி தெரியல.”

“அதுக்கு மூச்சு முட்டுது மச்சான்.”

“பொறுங்குறேன்ல.”

வலையின் ஆட்டம் நின்றது.

பிறகு முகம் தெரிந்தது. தெளிவாகவே தெரிந்தது.

வெள்ளைத் துணியில் இப்போது வலை அறுந்தது. பெரிய உடல் சரிந்தது. மெதுவாகக் கீழே போயிற்று.

வால் அசையவில்லை.

“பாருங்க, எவ்வளவு அமைதியாப் போகுதுன்னு” என்றார் வனத்துறை அம்மா.

கைதட்டல்.

விளக்கைப் போட்டார்கள். அவன் வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக் சந்தியாகுவிடம் வந்தது. வலையில் ஆவுளியா மாட்டினால் என்ன செய்ய வேண்டும், நீங்களே நம் ஆட்களுக்குச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா.

சந்தியாகு எழுந்தான். மைக் மட்டும் இரைந்தது.

இப்போது சொல்லிவிடுவான்.

சொல்லட்டும் என்றும் அவனுக்கு இருந்தது.

“ஒடனே அறுத்துருங்க” என்றான் சந்தியாகு. “வேற ஒண்ணையும் பாத்துட்டு நிக்காதீங்க.”

உட்கார்ந்தான். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

கூட்டம் மறுபடி கைதட்டியது.

மற்றவர்கள் நிறுத்திய பிறகும் பொன்னாடையோடு அவன் தட்டிக்கொண்டிருந்தான்.