வாசலில் நிற்பவன்

ஜனவரிப் பனியிலும் அமெரிக்காவின் ஒஹாயோவிலுள்ள எங்கள் சபை நிரம்பியிருந்தது. அன்று 'உயிர்காப்பு ஞாயிறு'. கருவிலிருக்கும் ஒவ்வொரு உயிரும் கர்த்தர் தந்த பரிசு என்று பாஸ்டர் ஹார்லன் உருகிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

சபையில் ஒழுங்கு பார்ப்பது என் ஊழியம். நான் முறைத்தால் கிழவர்களின் இருமலே நின்றுவிடும். விறைப்பாகப் போய், குழந்தையை வைத்திருந்த பெண்ணிடம் குனிந்தேன்.

"பிரசங்கம் யாருக்கும் கேக்கலைம்மா. கொஞ்சம் வெளியே போறியா?"

அந்தப் பெண் நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"போன வருஷம் கருவைக் கலைக்கப் போன என்னை கிளினிக் வாசல்ல மறிச்சு, 'உள்ளே போகாதேம்மா, பெத்துக்கோ, எங்க சபை இருக்கு'ன்னு கெஞ்சினது நீங்கதானே சார்? அதான் வந்திருக்கோம்."

குழந்தையை வாங்கிக்கொண்டு நானே வெளியே போனேன். என் சட்டையை நனைத்த பிறகுதான் அது அழுகையை நிறுத்தியது.