மயிரிழை விரிசல்

ஓசூரில் செயற்கை இதய வால்வு செய்யும் ஆலையில் கஸ்தூரிக்குச் சரிபார்க்கும் வேலை. ஐந்து வருடமாக ஒரு பழுதும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. அப்படிப்பட்டவர்களை ஆலை வளாகத்தை விட்டு வெளியே விடுவதில்லை. ஒவ்வொரு பழுதைக் கண்டுபிடிக்கும்போதும் ஒப்பந்தம் நீளும். ஒன்றைத் தவறவிட்டால் வேலை போய்விடும்.

ஊரில் தன் மகள் பெரியவளான செய்தி கஸ்தூரிக்கு வந்த காலையில் சூப்பர்வைசர் எட்வின் மெதுவாகச் சொன்னார்: "ஒரே ஒரு பழுத பாஸ் பண்ணிரும்மா. சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாம்."

"அது எங்க சார் போகும்?"

"யாரோ ஒருத்தர் நெஞ்சுக்குத்தான்."

மதியம் ஒரு வால்வின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தது. பச்சைப் பொத்தான்மேல் அவள் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு சிவப்பை அழுத்தினாள். ஒப்பந்தம் இன்னும் ஓராண்டு நீண்டதாகத் திரை காட்டியது.

அடுத்த வால்வு வந்தது. கலங்கிய கண்ணுக்கு விரிசல் தெரியாதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.