அரசர் இன்னும் சாப்பிடுகிறார்

அரசர் ஓட்மார் செத்து ஒரு வாரத்துக்கு மேலாகியும் பந்தியை விட்டு எழுந்தபாடில்லை.

அரண்மனை வழக்கம் அப்படி. உடல் சவப்பெட்டிக்குள் கிடக்க, அவரைப் போலவே செய்த மெழுகு பொம்மை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று வேளையும் விருந்து உண்ணும். அடக்கம் முடியும்வரை ஆட்சியும் அதனுடையதுதான்.

இன்று கடைசி விருந்து. பொம்மைக்குப் பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு அரசி ஹெட்விக். அவள் எழுந்துவிட்டால் அரசர் சாப்பிட்டு முடித்தார் என்று பொருள். அதற்குமுன் குழந்தை பிறந்தால், ஆணோ பெண்ணோ, மகுடம் அதற்கு. பிறகு பிறந்தால் அரசரின் தம்பி பெர்த்தோல்டுக்கு.

பெர்த்தோல்ட் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான். அரசர் முடிக்காமல் வேறு யாரும் வாயில் ஒரு ரொட்டித் துண்டுகூட வைக்கக் கூடாது. வயிறு கூப்பாடு போட்டது. போடட்டும். முடிசூட்டுக்குத் தைத்த அங்கி வீட்டில் தயாராகத் தொங்குகிறது. வலி எடுத்தால் எந்தப் பெண்ணும் உள்ளறைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வலி.

அரசியோ வாத்து வறுவல் முடிந்ததும் விலாங்கு மீன் கேட்டாள்.

"போதும் அண்ணி. பொம்மை எவ்வளவுதான் திங்கும்?"

"உங்க அண்ணன் உயிரோட இருந்தப்ப என்னைக்காவது போதும்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா கொழுந்தனாரே?"

சபை யோசித்துப் பார்த்தது. கேட்டதில்லைதான்.

திடீரென்று அரசி "ஐயோ!" என்று அலறி, பொம்மையின் கையைப் பிடித்தாள். மெழுகு விரல்கள் இரண்டு ஒடிந்து மீன் குழம்பில் விழுந்தன.

பெர்த்தோல்ட் சந்தோஷத்தை மறைக்கப் படாத பாடு பட்டான். "வலியா அண்ணி? எழுந்து உள்ள போய்ப் படுங்க."

"வலியெல்லாம் இல்ல. அவரை நெனச்சேன், அழுகை வந்துருச்சு."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் பிரபுக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ராஜாவுக்கு சூப்," என்றாள், முகமெல்லாம் வியர்க்க. "கறி வேண்டாம், உப்பு வேண்டாம். தெளிவா, கொதிக்கக் கொதிக்க, பெரிய பாத்திரத்துல."

பரிசாரகன் ஆடி அசைந்து போவதைப் பொறுக்காமல் பெர்த்தோல்டே ஓடிப்போய்த் தூக்கி வந்தான். சீக்கிரம் வந்தால் சீக்கிரம் முடியும். "ஆறட்டும்" என்று அவள் பாத்திரத்தைக் காலடியில் வைத்தாள்.

கை துடைக்கத் துணி கேட்டாள். அடுக்கோடு அள்ளிக் கொடுத்தான். கூரான கத்தி கேட்டாள், வாத்தின் காலைக் கட்டியிருந்த நூலைக் கேட்டாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம், என்று அதையும் அவிழ்த்துக் கொடுத்தான்.

அரசி இரண்டு கையாலும் பொம்மையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அரசரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எழுந்திருங்க அண்ணி!" பெர்த்தோல்ட் கெஞ்சவே தொடங்கிவிட்டான்.

அவள் எழவில்லை.

மேசைக்கு அடியில் ஒரு குழந்தை வீறிட்டது.

அரசி மெல்ல நாற்காலியில் சாய்ந்து, மூச்சு வாங்கியபடி பரிசாரகனைப் பார்த்தாள்.

"ராஜா சாப்பிட்டாச்சு. எடுத்துட்டுப் போங்க."

தரைவரை தொங்கிய விரிப்பு விலகியது. காலையிலிருந்து உள்ளே குந்தியிருந்த மருத்துவச்சி உர்சுலா தலையை நீட்டினாள்.

"பொம்பளப் பிள்ளை! ஓடி ஓடி சுடுதண்ணியும் துணியும் குடுத்த புண்ணியவான் யாருங்க? நல்லா இருக்கணும். இன்னும் ஒரு துணி குடுங்க."

மிச்சமிருந்த ஒரே துணி பெர்த்தோல்டின் தோளில்தான் கிடந்தது. கை தானாக எடுத்தது. மேசைக்கு அடியில் நீட்ட அவன் மண்டியிட வேண்டியிருந்தது.

புது அரசியின் முன் முதலில் மண்டியிட்டவன் அவன்தான் என்று பிரபுக்கள் இன்றுவரை அவனைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள்.