ஊசிக்கு முன் ஒரு வாதம்

இந்தப் புதன்கிழமையும் அந்த மனுஷர் வந்துவிட்டார். நர்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிமோனியா தடுப்பூசிக்கென்று மனைவியை அழைத்து வந்து, இரண்டு வாரமாக வாதாடிவிட்டு, போடாமலே திருப்பி அழைத்துப் போனவர். அந்த அம்மா டயாலிசிஸ் நோயாளி. உடம்பு பாதியாகிவிட்டது. வழக்கம்போல வாயே திறக்காமல் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதைப் போட்டா நிமோனியா வரவே வராதா?" ஆரம்பித்துவிட்டார்.

வரவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, ஆனால் வந்தாலும் உயிருக்கு ஆபத்தாக முற்றுவது குறையும் என்று நர்ஸ் மூன்றாம் முறையாகச் சொன்னாள்.

"டயாலிசிஸ் பண்றவங்களுக்கு இது சரியா வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே. அப்புறம் எதுக்கு வீணா குத்தணும்?"

போன மாதம்தான் அதே டயாலிசிஸ் பிரிவில் ஒருவர் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். அவரும் 'அப்புறம் பார்க்கலாம்' என்றவர்தான். அந்த முகம் நர்சுக்கு நினைவு வந்தது. இந்த அம்மாவையும் அப்படி விட அவளுக்கு மனசில்லை.

"மத்தவங்க அளவுக்கு வேலை செய்யாதுதான். அதுக்காக, கொட்டுற மழையில ஓட்டைக் குடை கிடைச்சா தூக்கிப் போட்டுட்டு நனைவீங்களா? எத்தனை தடவை சொல்றது? உங்க மண்டையில ஏறவே ஏறாதா சார்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, இவ்வளவு பலவீனமான உடம்பு காய்ச்சலைத் தாங்குமா என்று அடுத்ததற்குத் தாவினார். கைவலியும் லேசான காய்ச்சலும் வந்தாலும் ஓரிரு நாளில் போய்விடும் என்று நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள்.

அந்த அம்மா மெல்ல, டயாலிசிஸ் ஊசி ஏறாத வலது கையை நீட்டினாள்.

"போடுங்கம்மா."

போட்டாயிற்று. கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்லி, வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஊசி அட்டையை வாங்க அவர் மட்டும் உள்ளே வந்தார்.

நர்ஸ் விடவில்லை. "அவங்களுக்கு இருக்கிற தெளிவு உங்களுக்கு இல்லையே சார். நீங்க எப்போ போட்டுக்கப் போறீங்க?"

"நான் போன மாசமே போட்டுக்கிட்டேம்மா." கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கேள்வியெல்லாம் அவளோடது. வீட்ல என்னைத் துளைச்சு எடுப்பா. இங்க வந்தா, ஒண்ணும் தெரியாதவளா நினைச்சுடுவீங்களோன்னு வாயே திறக்க மாட்டா. அவ பயம் தெளிய மூணு வாரம் ஆச்சு. ஒண்ணும் தெரியாதவன்கிற பேர் எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது."