எது முன்னால்?

"அண்ணன் வீடாப்பா, என் வீடா?"

"உன் வீடு" என்றார் அப்பா, யோசிக்காமல்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் லேப்டாப்பில் பதிந்தேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு அவரைத் தனியாக விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன், நான், தங்கை மூன்று பேருமே 'அப்பா என்கிட்டதான்' என்று மல்லுக்கு நிற்கிறோம். அவரோ யார் மனமும் நோகாமல் பேசியே காலத்தை ஓட்டியவர். பொதுவாகக் கேட்டால் 'எல்லாரும் ஒண்ணுதான்' என்று நழுவிவிடுவார்.

அதனால்தான் என் தொழிலைக் கையில் எடுத்தேன். எதை வரிசைப்படுத்தவும் நாங்கள் எழுதும் புரோகிராமுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். இரண்டைக் காட்டினால், அதில் எது முன்னால்? மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

"என் வீடா, தங்கச்சி வீடா?"

"தங்கச்சி வீடு."

சுருக்கென்றது. சரி, கடைக்குட்டி இல்லையா.

"தங்கச்சி வீடா, அண்ணன் வீடா?"

"அண்ணன் வீடு."

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: பதில்கள் முன்னுக்குப் பின் முரண்.

விழித்தேன். அண்ணனைவிட நான், என்னைவிடத் தங்கை, தங்கையைவிட அண்ணன். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் யார்தான் முதல்? நான் எழுதியதில்தான் தப்பிருக்கும் என்று மேலிருந்து கீழ்வரை அலசினேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. தலை கிறுகிறுத்தது.

அப்பா ஜன்னலைப் பார்த்தபடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

புரோகிராம் குழப்பினால், நாங்கள் அதே இரண்டை இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்போம். எப்படிப் போட்டாலும் பதில் மாறக்கூடாது.

"என் வீடாப்பா, அண்ணன் வீடா?"

"அண்ணன் வீடு."

இப்போதுதானே என் வீடு என்றார்! என்னை வைத்து விளையாடுகிறாரா, இல்லை, அண்ணன் முன்கூட்டியே போன் பண்ணி ஏதாவது சொல்லி வைத்திருக்கிறானா? கோபமாக வந்தது. லேப்டாப்பைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

"டீயா, காபியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

"காபி."

காபி வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்பவர் அப்பா.

கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"காபியா, டீயா?"

"டீ."

அவர் யாரையும் தேர்ந்தெடுக்கவே இல்லை. கடைசியாகக் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டு சமாளித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாகவோ தெரியவில்லை. வாராவாரம் போனில் பேசுகிறோம், மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"நான் உங்களுக்கு மகளா, மருமகளா?"

"மருமக" என்றார், என் கையைத் தட்டிக்கொடுத்து.

எழுந்து அவருடைய சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டேன். கடைசிப் பொத்தானைப் போடும்போது இடம் மாற்றிக் கேட்டேன்.

"மருமகளாப்பா, மகளா?"

"மக."

லேப்டாப்பை மூடினேன். அதற்குமேல் அவரிடம் எதையும் மாற்றிக் கேட்கவில்லை.